ஒன்றரை அங்குலம்

ஜூன் 5, திங்கள்

விடியவே மழை. எங்கள் ஒழுங்கையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கந்தோருக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போனேன். குடை உடைந்தது.

வாகனம் ஒரு கிழமையாக ஹனிபா நானாவின் கராஜில், ஜாக்கியின் மேல். நானா குனிந்து பார்க்கச் சொன்னார். "இதுதான் தங்கச்சி, ஒயில் நிக்கிற சட்டி. பாருங்க, டின் பேணிய மிதிச்ச மாதிரி. வீடு வந்து சேந்ததே பெரிய விஷயம்."

போன மாத அடி. யாழ்ப்பாணம் போய்த் திரும்பும்போது, வன்னிக்குள், நடு ரோட்டில் துருத்திக்கொண்டிருந்த கல்லில் வயிறு இடித்தது. ஒயில் சொட்டச் சொட்ட இரண்டு மணித்தியாலம் நின்றோம். இரண்டு பக்கமும் மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகைகள். ஒன்றுக்குப் போகக்கூட ரோட்டை விட்டு இறங்க முடியாது. கடைசியில் ஒரு லொறிக்காரர் சவர்க்காரத்தைப் பிசைந்து ஓட்டையை அடைத்துவிட்டார்.

அதே ரோட்டால் இன்னொரு தரம் போக வேண்டும். என் கணவர் நேசனின் அக்காவைக் கொண்டுவர. சரோ அக்கா, அறுபத்தாறு வயது, கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். மாசியில் கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் எலும்பில் வைத்த தட்டு விலகிவிட்டது. திருப்பிச் செய்வதென்றால் கொழும்பில்தான். ஜூலை 17க்கு இங்கே ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்திருக்கிறது. இருத்தவே கூடாது, படுக்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. பிளேனில் படுக்க இடமில்லை. ஆகவே எங்கள் வாகனம். பின் சீற்றை மடித்து, மெத்தை விரித்து.

சிக்கல் இதுதான். வாகனம் பெயருக்குத்தான் ஜீப். ஜப்பான்காரன் கம்பனியிலேயே மெத்தென்ற சஸ்பென்ஷன் போட்டு அனுப்பியது. ஒரு பொத்தானை அமத்தினால் இன்னும் மென்மையாகும். முறிந்த இடுப்போடு ஒரு மனுஷியை ஏற்ற அதைவிட நல்லது கிடையாது. ஆனால் பாரம் ஏற ஏறத் தாழ்கிறது. தாழ்ந்தால் கல். கல்லுக்காக உயர்த்தினால், மெத்தென்ற தன்மை போய்விடும் என்கிறார்கள்.

வாங்க வேண்டியவை: குடை, பாண், நேசனின் தலையிடிக் குளிசை.

ஜூன் 8, வியாழன்

நேசன் யாரைக் கண்டாலும் கேட்கிறார். ஃபிளாட் முழுவதற்கும் இப்போது எங்கள் வாகனத்தின் வயிறு தெரியும்.

உயர்த்து என்பவர்கள்: ஹனிபா நானா. மூன்றாம் மாடி வங்கிக்காரர் (சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது). நேசனின் கந்தோரில் இரண்டு பேர்.

வேண்டாம் என்பவர்கள்: எங்கள் கந்தோர் டிரைவர் சுனில். "பெரலெய் நோனா" என்கிறார், உருண்டுவிடுமாம். தெஹிவளையில் உதிரிப்பாகக் கடைக்காரர். என் தங்கச்சி ஃபிலோ.

தெரியாது என்பவர்: நேசன்.

படம் வரைகிற தொழில் அவருக்கு. மேசை முழுக்க வாகனத்தின் பக்கவாட்டுப் படம், அரை அங்குலம், ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று. நான்கு நாளாக வரைகிறார். "என்ன முடிவு?" என்று கேட்டால், "யோசிக்கோணும் ரெஜி, அவசரப்படுத்தாதையும்." கட்டில் 17ஆம் திகதிக்கு. யார் அவசரப்படுத்துவது?

இறால் கெட்டுப்போய்விட்டது. முழுவதையும் கொட்டினேன்.

ஜூன் 11, ஞாயிறு

கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பூசை. சுவாமியாரின் பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை.

பின்னேரம் அக்காவின் பக்கத்து வீட்டுக்கு ஃபோன் எடுத்து, கட்டிலடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னோம். நேசன் அங்குலக் கணக்கை விளக்க வெளிக்கிட்டார். அக்கா இடைமறித்தார். குரல் எனக்கும் கேட்டது.

"தம்பி, நான் என்ன முட்டைப் பெட்டியே? ரெஜியிட்டக் குடு."

என்னிடம்: "உண்மையைச் சொல்லு. உவன் இன்னும் முடிவெடுக்கேல்லையோ?"

"இல்ல அக்கா."

"சின்னனிலயும் உப்பிடித்தான். எந்தச் சேட்டைப் போடுறதெண்டு ரெண்டைக் கையில வைச்சுக்கொண்டு பள்ளிக்கூட மணி அடிக்கும் மட்டும் நிப்பான். நீ முடிவெடு."

பிறகு குரல் கொஞ்சம் தளர்ந்தது. "இஞ்ச புரளேலாமல் கிடக்கு பிள்ளை. முதுகு புண்ணாகுது. கெதியாச் செய்யுங்கோ."

அதை நேசனிடம் சொல்லவில்லை.

ஜூன் 14, புதன்

நானா ஒரு கடினமான ஸ்பிரிங் சோடி இரவல் வாங்கிப் பூட்டியிருந்தார். இரண்டரை அங்குலம் உயர்ந்து நின்றது. பார்க்கக் கம்பீரம். நேசனுக்கு முகம் மலர்ந்தது.

நான் பின்னால் ஏறி மெத்தையில் படுத்தேன். "என்ன செய்யிறீர்?" என்றார். அக்கா படுக்கப்போகிற இடத்தில் படுக்கிறேன், ஓட்டுங்க என்றேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம் வரை. துறைமுகத்து ரயில் தண்டவாளங்களைக் கடக்கும்போது உடம்பு மெத்தையை விட்டு எழும்பி விழுந்தது. இரண்டாவது தண்டவாளத்தில் வலது இடுப்பு கதவின் இரும்பில் மோதியது. முறியாத இடுப்பு. அதற்கே கண்ணில் தண்ணீர். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

"இது சரிவராது. அக்கா செத்துப்போவா."

"அப்ப கல்லில அடிபட்டால்? அந்தப் பலகையளுக்கு நடுவில அக்காவை வைச்சுக்கொண்டு நிக்கிறதோ?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதெண்டுதானே சொல்லுறன்!"

நடு ரோட்டில் சண்டை. மீன் கூடை வைத்திருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் இறங்கிக் கராஜ் வரை நடந்தேன். அவர் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

இடுப்பில் நீலம் பாய்ந்திருக்கிறது. உள்ளங்கை அகலம்.

ஜூன் 18, ஞாயிறு

நானா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பழைய மெத்தென்ற ஸ்பிரிங் அப்படியே இருக்கும். அதற்கு மேல் ஒரு அலுமினியத் துண்டு, 'பக்கிங்' என்கிறார். முகத்துவாரத்தில் தெரிந்த லேத் கடையில் நான்கு கடைந்து எடுத்திருக்கிறார். ஒன்றரை அங்குலம், அதற்கு மேல் போகாது.

"கம்பனிக்காரன் செஞ்ச மெத்தையில கை வெக்க இல்ல தங்கச்சி. மெத்தைக்கி மேல ஒரு மணை. அவ்வளவுதான்."

பூட்டினார். உடனே முன் பலகையில் மஞ்சள் விளக்கு, பொத்தான் வேலை செய்யவில்லை. வாகனத்தின் உயரத்தை அளக்கிற ஒரு சின்னக் கம்பி பின்னால் இருக்கிறதாம். அது திடீரென்று உயர்ந்ததைக் கண்டு குழம்பிப் பொத்தானைப் பூட்டிவிட்டதாம். நேசன் தலையில் கைவைத்து வாசலில் இருந்துவிட்டார். நானா ஒரு பிளேன்டீ குடித்தார், கம்பியைக் கழற்றினார், அளந்தார், ஒன்றரை அங்குலம் நீளமான இன்னொன்றைச் செய்து பூட்டினார். விளக்கு அணைந்தது.

மறுபடி படுத்துப் பார்த்தேன். அதே தண்டவாளம். ரோட்டின் பெரிய கிடங்கில் விழுந்து எழும்போது மட்டும் ஒரு 'டக்'. வேறொன்றுமில்லை. நித்திரையே வந்தது.

இதுதான், முடிந்தது என்றேன். நேசன் ஓம் என்றார். பிறகு, "ஒண்டே முக்காலாச் செய்திருக்கலாமோ?"

நான் நானாவுக்குக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

ஜூன் 21, புதன்

 படுக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

மத்தியானம் நானாவிடம் கடைசித் தரம் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தோம். சோதனைச்சாவடி. சாவடிகள் உள்ள பாதையில் வழமைபோல நான்தான் ஓட்டினேன். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் கொழும்பு, நேசனுடையதில் யாழ்ப்பாணம். சில்லுப் பூட்டிய கண்ணாடியை வாகனத்துக்குக் கீழே தள்ளிப் பார்த்தார் ஒரு ஆமிக்காரர். இருபது வயதுகூட இராது. பார்த்தார், திரும்பவும் பார்த்தார், மற்றவரைக் கூப்பிட்டார்.

"மே மொனவத?" இவை என்ன?

பழைய கறுத்த இரும்புக்கு நடுவில் நான்கு புது அலுமினியத் துண்டுகள், வெள்ளி போலப் பளபளத்துக்கொண்டு. எனக்கே ஒரு கணம் பயமாக இருந்தது.

சிங்களத்தில் விளக்கினேன். ஸ்பிரிங், கல், ரோட்டு, அக்கா. எந்த ரோட்டு என்று கேட்டார்கள். பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிடிபடும் என்று உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

வாகனத்தோடு பொலிஸுக்கு. அங்கே பொறுப்பதிகாரி நேசனிடம் மட்டும் கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னால், "உங்களைக் கேட்கவில்லை." யாரிடம் கொடுக்க உயர்த்தினாய்? உள்ளே எதை மறைத்து வைக்க? படம் வரைகிறவனா, என்ன படம்? நேசனின் பையில் அந்த வாகனப் படங்கள், அங்குலம் அங்குலமாக. மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஐந்து மணிக்கு என்னைப் போகச் சொன்னார்கள். நேசன் இருக்கட்டுமாம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்காவுக்குச் சொல்லாதையும்" என்றார். அது மட்டும்.

ஜூன் 22, வியாழன்

ஏழு மணிக்கே பொலிஸ் வாசலில். பாண், தண்ணீர் வாங்கிப் போனேன். உள்ளே எடுத்தார்கள், கொடுத்தார்களோ தெரியாது.

பத்து மணிக்கு ஹனிபா நானா வந்தார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கவும் மாட்டேன், அவருக்கும் பிரச்சினை வரும். கையில் உரப்பை. லேத்தில் மிஞ்சிய அலுமினியக் கட்டை, கடைந்த சுருள்கள், கழற்றிய பழைய கம்பி, எல்லாம் அதற்குள். பொறுப்பதிகாரியின் மேசையில் அடுக்கினார். "இத பூட்டினது நான் சேர். கேக்கிறத என்கிட்ட கேளுங்க" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு வாகனத்துக்குக் கீழே தானே படுத்து, ஒரு பொலிஸ்காரரையும் பக்கத்தில் படுக்கவைத்து, ஒன்றைக் கழற்றிக் காட்டினார். திடமான உலோகம், உள்ளே ஓட்டை கிடையாது.

எழும்பித் தூசு தட்டிக்கொண்டு சொன்னார்: "சேர்ட ஜீப்புக்கும் இதுதான் போட்டிருக்கி. குனிஞ்சு பாருங்க."

 பொலிஸ்காரர் போய்க் குனிந்து பார்த்தார். வந்து மெல்லத் தலையாட்டினார். பொறுப்பதிகாரி நேசனின் படங்களை மடித்துப் பையில் போட்டார்.

மூன்று மணிக்கு நேசனை விட்டார்கள். துண்டுகளைக் கழற்ற வேண்டும், அல்லது வாகனப் பதிவுக் கந்தோரில் கடிதம் எடுக்க வேண்டும்.

நேசன் குளித்தார். சாப்பிடவில்லை. அடித்தார்களா என்று கேட்டேன். "இல்லை." இரண்டாம் தரம் கேட்கவில்லை. முதுகை எனக்குக் காட்டாமல் சேட் மாற்றினார்.

ஜூன் 28, புதன்

வாகனப் பதிவுக் கந்தோர், மூன்றாம் நாள். இரண்டாம் கவுண்டரில் ஆறுக்குப் போகச் சொல்கிறார்கள், ஆறில் மேல் மாடிக்கு, மேல் மாடியில் திரும்பவும் இரண்டுக்கு. நிறம் மாற்றினால் படிவம் உண்டு. என்ஜின் மாற்றினால் உண்டு. உயரம் மாற்றினால் இல்லை.

"அப்ப அனுமதி தேவையில்லையா?"

"தேவை."

"எப்படி எடுக்கிறது?"

"படிவம் இல்லை நோனா."

வெளியே வந்து படியில் இருந்து அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். கைக்குட்டையும் கொண்டுபோகவில்லை.

மூன்றரைக்கு மறுபடி மேல் மாடி. அங்கே வயதான ஒரு லிகிதர், சிங்களப் பெண். இந்த முறை அங்குலத்தைப் பற்றிப் பேசவில்லை. இங்கத்தைய டொக்டருக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த சரோ அக்காவின் எக்ஸ்ரேயைக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, 'சஸ்பென்ஷன் பழுதுபார்க்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டது' என்று எழுதி, கீழே ஆள் அனுப்பி நான்கு துண்டையும் பார்க்கச் சொல்லி, முத்திரை குத்தினார். உயர்த்தியது என்ற சொல் எங்கேயும் இல்லை.

பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

கடிதம் இருந்தும் நேசன் கழற்றச் சொல்கிறார். ஐந்து நாளாக இதே கதை. இன்று பொறுமை போய்விட்டது.

"நீங்க வரவேண்டாம். நானும் ஃபிலோவும் போறம்."

ஃபிலோ ஆஸ்பத்திரியில் தாதி. அக்காவைப் பார்க்க அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இரண்டு பேரின் அட்டையிலும் கொழும்பு. நேசனோடு போனால் ஒவ்வொரு சாவடியிலும் ஒரு மணித்தியாலம்.

சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அம்மா செத்த பிறகு அக்காதான் என்னை வளர்த்தவ. தனக்கு வந்த கலியாணத்தையும் வேண்டாமெண்டவ. நான் ஒரு முடிவெடுத்து, வழியில அவவுக்கு ஏதும் நடந்தால்... நான் எடுத்த முடிவெல்லோ? அதுதான் ரெஜி. வேற ஒண்டுமில்லை."

ஒரு மாதம் முழுக்க இந்த மனிதனைத் திட்டியிருக்கிறேன். இதே தாள்களில். மேலே இருப்பதைக் கிழிக்கவில்லை. கிழித்தால் பொய்யாகிவிடும்.

"முடிவு என்னுடையது. ஏதும் நடந்தா என்னைக் கேளுங்க."

பை: கடிதம் மூன்று பிரதி, எக்ஸ்ரே, குளிசைகள், பிளாஸ்க், பழைய சேலைகள், இரண்டு தலையணை, ஒயில் இரண்டு போத்தல், சவர்க்காரம்.

ஜூலை 12, புதன். வவுனியா.

விடுதி. நுளம்பு. வெயிலில் வலது கை மட்டும் கறுத்துவிட்டது. எட்டுச் சாவடி. நான்கில் கண்ணாடி, இரண்டில் கடிதம் கேட்டார்கள். ஒருவர் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டுப் போகச் சொன்னார். நாளைக்கு வன்னி. ஃபிலோ குறட்டை.

ஜூலை 15, சனி. மறுபடி வவுனியா.

அக்கா வந்துவிட்டார். முன் அறையில் படுத்திருக்கிறார், தேநீருக்குச் சீனி போதாதாம்.

மூன்று நாளை ஒழுங்காக எழுத இயலாது. துண்டு துண்டாக.

அக்காவைத் தூக்கி ஏற்றும்போதுதான் தெரிந்தது, ஒன்றரை அங்குலம் பின் கதவையும் உயர்த்திவிட்டது. பலகையில் கிடத்தித் தூக்கியவர்களுக்குக் கை எட்டவில்லை. ஒரு மாதம் அளந்தும் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூட வாங்கு ஒன்றைக் கொண்டுவந்து அதில் ஏறி நின்று ஏற்றினார்கள், எல்லாரும் அக்காவிடம் படித்தவர்கள். "ஒருத்தனும் கணக்கில எழுபது எடுத்ததில்லை, ஆனால் தூக்கத் தெரியுது" என்றார் அக்கா.

வன்னிக்குள் மழை பெய்து கிடங்கெல்லாம் தண்ணீர், ஆழம் தெரியவில்லை. முதலாம் கியரிலேயே போனேன். பொத்தான் அமத்தியபடி. போன தரம் இடித்த இடம் எதுவென்று தெரியவில்லை. வயிறு ஒருதரம்கூட இடிக்கவில்லை.

பெரிய கிடங்கில் அந்த 'டக்' வரும்போதெல்லாம் அக்கா ஃபிலோவின் கையைப் பிடிப்பார். கத்தவில்லை. ஒருதரம் மட்டும், "முருகா" என்றார். கண்ணாடியில் பார்த்தேன், முகமெல்லாம் வேர்வை. நிறுத்தவா என்று கேட்டேன். "நிப்பாட்டாதை. ஓடு."

வன்னி முடிந்து ஆமிப் பக்கத்துக்குக் கடக்கிற இடத்தில் எல்லாப் பொருளையும் இறக்கச் சொன்னார்கள். மெத்தையையும். அக்காவை மெத்தையோடு நிழலில் வைத்தோம். திருப்பி ஏற்ற ஆள் போதவில்லை. சோதித்த ஆமிக்காரர்களில் இருவர் துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தூக்கினார்கள். அக்கா தன் அரைகுறைச் சிங்களத்தில் நன்றி சொன்னார். ஒருவர் வெட்கப்பட்டார்.

நேசனுக்கு ஃபோன் எடுத்தேன். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்.

ஜூலை 19, புதன்

நேற்று ஆபரேஷன். நான்கரை மணித்தியாலம். நல்லபடி முடிந்ததாம். வழியில் எலும்பு மேலும் விலகவில்லை, நல்ல கவனமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று டொக்டர் சொன்னார். நேசன் என்னைப் பார்த்தார். நான் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

நானாவுக்கு ஒரு பெட்டி கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கை ஒயிலாக இருந்ததால் வாயாலேயே கவ்விச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 12, சனி

புழுக்கம். மழை வரும்போல, ஆனால் வரவில்லை.

அக்கா ஒரு கிழமையாக எங்கள் வீட்டில். நேற்றுக் காலை நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து பல்கனி வரை போனார். பதினான்கு அடி. நேசன் பின்னாலேயே அளந்துகொண்டு போனார். புரட்டாதி பிறக்க வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றார் அக்கா. பூட்டிய வீடு பழுதாகிவிடுமாம், மாட்டைப் பக்கத்து வீட்டில் எவ்வளவு நாளைக்கு விடுவது.

நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணத்துப் பக்கம் ஷெல்லடி, சண்டை தொடங்கிவிட்டது. வன்னிப் பாதை பூட்டு. இன்று காலை ரேடியோவில் அதேதான். அக்காவின் பக்கத்து வீட்டு ஃபோனுக்கு நேசன் இருபது தரமாவது எடுத்திருப்பார். லைன் இல்லை. எங்கள் ஃபிளாட்டில் எல்லா வீட்டிலும் இதே வேலை, எல்லாக் கதவும் திறந்து, எல்லாரும் ஃபோனைக் காதில் வைத்தபடி.

 மத்தியானம் அக்காவுக்குச் சோறு கொண்டுபோனேன். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிசையவில்லை.

"பிள்ளை, வாகனத்தில அந்தத் துண்டுகள் இன்னும் இருக்கோ?"

"இருக்கு அக்கா. கழட்டல."

"கழட்டாதையுங்கோ."

சரி என்றேன். சாப்பிடத் தொடங்கினார்.